கார்களுக்கு நடுவே சைக்கிள்: சாலையில் எந்த இடத்தில் ஓட்டுவது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வளர்ந்த பிறகு சைக்கிளைத் திரும்பக் கையில் எடுத்தவர்களுக்குச் சாலையில் ஓட்டப் பழக்கிக் கொடுத்து வருகிறேன். கியர், பிரேக், இருக்கையின் உயரம் பற்றியெல்லாம் ஒருமுறை கேட்டுத் தெளிந்துவிடுகிறவர்கள், "நான் சாலையில் எந்த இடத்தில் போக வேண்டும்?" என்பதை மட்டும் ஏதாவதொரு வடிவத்தில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே கீழே தொகுத்திருக்கிறேன். வாகனங்கள் இடப்பக்கம் செல்லும் நாடுகளை வைத்து எழுதியிருக்கிறேன்; வலப்பக்கம் செல்லும் நாட்டில் ஓட்டுபவர்கள் இடத்தை வலமாகவும் வலத்தை இடமாகவும் மாற்றிப் படித்துக்கொள்ளலாம்.

1. ஓரமாகப் போவதுதானே பாதுகாப்பு? சின்ன வயதிலிருந்து அப்படித்தானே சொல்லிக் கொடுத்தார்கள்?

சிறு பிள்ளைக்கு அப்படிச் சொன்னவர்கள் தவறாகச் சொல்லவில்லை. வேகமும் கணிப்பும் கைவராத பிள்ளையை வண்டிகளிடமிருந்து தள்ளி வைப்பதே அவர்களுடைய நோக்கம். ஆனால் அதே பழக்கத்தோடு வளர்ந்தவர் மணிக்கு 18, 20 கி.மீ. வேகத்தில் கார்களுக்கு நடுவே ஓட்டும்போது, ஓரம் அவருக்குத் தொல்லையாகிவிடுகிறது. கார்ச் சக்கரங்கள் ஒதுக்கித் தள்ளும் கண்ணாடித் துண்டு, ஆணி, சரளை, மணல் எல்லாம் வந்து சேருவது ஓரத்தில்தான். மழைநீர் வடிகாலின் கம்பி மூடியும், தார் முடிந்து மண் தொடங்கும் அந்த விரற்கடைப் படியும் அங்கேதான் இருக்கின்றன. படியில் சக்கரம் இறங்கிவிட்டால், திரும்ப ஏற முயலும்போதுதான் பெரும்பாலும் விழுகிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நடைபாதையை ஒட்டி ஓட்டுபவருக்கு இடப்பக்கம் விலகிக்கொள்ள இடமே இல்லை; ஏதாவது குறுக்கே வந்தால் வலப்பக்கம், அதாவது பின்னால் வரும் காரின் பாதைக்குள், ஒடிக்க வேண்டியதுதான். கிளைத் தெருவிலிருந்து எட்டிப் பார்க்கும் ஓட்டுநரின் கண்ணுக்கும் அவர் மரம், கம்பம், நிறுத்திய வண்டி ஆகியவற்றின் மறைவில் போய்விடுகிறார்.

2. அப்படியென்றால் எப்போதும் நடுவிலேயே போகச் சொல்கிறீர்களா?

இல்லை. இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று தடத்தின் நடு: ஒரு கார் அந்தத் தடத்தில் போனால் அதன் மையம் எங்கே இருக்குமோ, அந்தக் கோடு. மற்றது ஒதுங்கிய இடம்: கார்கள் ஓடும் கோட்டுக்கு ஏறத்தாழ ஒரு மீட்டர் இடப்புறம், ஆனால் சாலை விளிம்பிலிருந்து அரை மீட்டருக்குக் குறையாமல். பிரிட்டனின் சைக்கிள் பயிற்சியில் இவற்றை முதன்மை இடம், இரண்டாம் இடம் என்றே பெயரிட்டுக் கற்பிக்கிறார்கள். 2022ஆம் ஆண்டு ஜனவரியில் திருத்தப்பட்ட அந்நாட்டுச் சாலை விதித்தொகுப்பும், அமைதியான தெருக்களிலும், மெதுவாக நகரும் போக்குவரத்திலும், சந்திப்பை நெருங்கும்போதும், சாலை குறுகும் இடங்களிலும் தடத்தின் நடுவில் ஓட்டச் சொல்கிறது. வேகமான வண்டிகள் ஓடும் நெரிசலான சாலையில் விளிம்பிலிருந்து அரை மீட்டராவது தள்ளி ஓட்டச் சொல்கிறது.

எனவே 'நடுவா, ஓரமா' என்று கேட்பதைவிட, 'இந்த இடத்தில், இந்த நொடியில், ஒரு கார் என்னைத் தடம் மாறாமல் பத்திரமாகக் கடக்க முடியுமா' என்று கேட்டுக்கொள்வது பயன் தரும். முடியுமென்றால் ஒதுங்கலாம். முடியாதென்றால், முடியாது என்பது பின்னால் வருபவருக்குத் தூரத்திலிருந்தே தெரியும்படி நடுவில் இருக்க வேண்டும்.

3. முடியுமா முடியாதா என்று எனக்கு எப்படித் தெரியும்? டேப் வைத்தா அளப்பது?

ஒருமுறை காகிதத்தில் அளந்து பார்த்துவிட்டால் பிறகு கண்ணே அளந்துகொள்ளும். சக்கரம் விளிம்பிலிருந்து அரை மீட்டரில் ஓடுகிறது என்று வையுங்கள். ஹேண்டில்பாரின் பாதி அகலம், அதாவது 30 செ.மீ., வலப்பக்கம் நீளும். ஆக 0.8 மீட்டர். கார் விடவேண்டிய இடைவெளி 1.5 மீட்டர், மொத்தம் 2.3. பக்கக் கண்ணாடிகளோடு சேர்த்துக் காருக்கு 2 மீட்டர் தேவை. கூட்டினால் 4.3 மீட்டர் வருகிறது. அமெரிக்கச் சாலை வடிவமைப்பாளர்களும் 14 அடி, அதாவது ஏறக்குறைய இதே 4.3 மீட்டர் அகலம் இருந்தால்தான் காரும் சைக்கிளும் ஒரே தடத்தில் பக்கம் பக்கமாகப் போகலாம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள்.

ஆனால் நகரச் சாலைகளில் ஒரு தடத்தின் அகலம் பொதுவாக 3 முதல் 3.5 மீட்டர்தான். அப்படியானால், நீங்கள் விளிம்பை உரசிக்கொண்டு போனாலும் உங்களை ஒழுங்காகக் கடக்க நினைக்கும் கார் அடுத்த தடத்தில் ஓரளவு ஏறித்தான் ஆக வேண்டும். அடுத்த தடம் காலியாக இருந்தால் முழுதாக ஏறுவதில் அவருக்குக் கூடுதல் சிரமம் இல்லை. காலியாக இல்லாவிட்டால் அவர் கடக்கவே கூடாது. ஓரத்தில் ஒதுங்குவதால் அவருக்கு இடம் கிடைத்துவிடுவதில்லை. இடம் இருப்பது போன்ற தோற்றம்தான் கிடைக்கிறது. அந்தத் தோற்றத்தை நம்பி அவர் நுழையும்போதுதான் கண்ணாடி உங்கள் முழங்கையைத் தட்டிவிட்டுப் போகிறது.

என்னிடம் பழக வருகிறவர்களுக்கு வேறு எதைச் சொல்வதற்கு முன்பும் இந்தக் கூட்டலைச் சாக்கட்டியால் தரையில் வரைந்து காட்டுவேன். மூன்று மீட்டருக்கு ஒரு கோடு போட்டு, சைக்கிளை நிறுத்தி, காருக்கு எஞ்சிய இடத்தைக் காட்டினால், அதற்குப் பிறகு வாக்குவாதம் எழுவதில்லை.

4. அந்த 1.5 மீட்டர் நீங்களாகச் சொல்வதா, சட்டமா?

பல நாடுகளில் சட்டம். ஸ்பெயினில் 1.5 மீட்டர். ஜெர்மனியில் 2020 முதல் ஊருக்குள் 1.5 மீட்டர், ஊருக்கு வெளியே 2 மீட்டர். பிரான்சில் ஊருக்குள் ஒன்று, வெளியே ஒன்றரை. பிரிட்டனில் மணிக்கு 30 மைல் வேகம் வரை 1.5 மீட்டர், அதற்கு மேல் இன்னும் அதிகம் என்பது விதித்தொகுப்பின் அறிவுரை. ஒரு மீட்டர் போதும் என்று வைத்துக்கொண்டு மேலே உள்ள கூட்டலைத் திரும்பப் போட்டாலும் 3.8 மீட்டர் வருகிறது. சாதாரணத் தடம் அப்போதும் போதாது.

5. எதிர்த்திசையில் ஓட்டினால் வருகிற வண்டி கண்ணுக்கு நேராகத் தெரியுமே, அது நல்லதில்லையா?

தெரியும், ஆனால் தப்பிக்க நேரம் இருக்காது. நீங்கள் 20 கி.மீ. வேகத்திலும் கார் 50 கி.மீ. வேகத்திலும் ஒரே திசையில் போனால், கார் உங்களை நெருங்கும் வேகம் 30. எதிர்த்திசை என்றால் 70. அதைவிடப் பெரிய சிக்கல் சந்திப்பில் இருக்கிறது. கிளைத் தெருவிலிருந்து இடப்பக்கம் திரும்ப நிற்கும் ஓட்டுநர், வண்டிகள் வரும் வலப்பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார். இடப்பக்கத்திலிருந்து ஒரு சைக்கிள் வரும் என்று அவர் தலையைத் திருப்பவே மாட்டார். நடப்பவருக்கு எதிர்த்திசை சரி. அவரால் ஓரடி பக்கவாட்டில் எடுத்து வைத்து விலக முடியும். சைக்கிளால் முடியாது.

6. சட்டப்படி சைக்கிள் ஓரமாகத்தானே போக வேண்டும்? போலீஸ் நிறுத்தினால் என்ன சொல்வது?

1968ஆம் ஆண்டின் வியன்னா சாலைப் போக்குவரத்து உடன்படிக்கை சைக்கிளை ஒரு வாகனமாகவே வரையறுக்கிறது. ஓரமாக ஓட்டும்படி சொல்லும் சட்டங்களும் பொதுவாக 'இயன்ற அளவு' என்ற அடைமொழியோடுதான் சொல்கின்றன. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றின் சட்டத்தில் அதற்கு விதிவிலக்குகளும் எழுதப்பட்டிருக்கின்றன: முந்தும்போது, திரும்பும்போது, பள்ளம், குப்பை போன்ற இடையூறு இருக்கும்போது, காரும் சைக்கிளும் பக்கம் பக்கமாகப் போக முடியாத அளவுக்குத் தடம் குறுகலாக இருக்கும்போது. கடைசி விதிவிலக்கு 3ஆம் கேள்வியின் கணக்கேதான். உங்கள் நாட்டுச் சட்டத்தின் வாசகத்தை ஒருமுறை நீங்களே படித்துவிடுங்கள். மற்றவர் சொல்லக் கேட்டதற்கும் அதில் இருப்பதற்கும் பல நேரம் வித்தியாசம் இருக்கும்.

7. நடுவில் போனால் பின்னால் வருகிறவர் வந்து இடித்துவிட மாட்டாரா? எனக்கு அந்தப் பயம்தான்.

இந்தப் பயம் இயல்பானது. முன்னால் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறது, பின்னால் வருவது காதுக்கு மட்டும் கேட்கிறது. கண்ணால் காணாததைத்தானே மனம் பெரிதாக்கும். ஆனால் நகரங்களில் கார்–சைக்கிள் மோதல்களில் பெரும்பகுதி சந்திப்புகளிலும் திருப்பங்களிலும்தான் நேர்கிறது. ஒருவர் குறுக்கே திரும்புகிறார், ஒருவர் எட்டிப் பார்க்காமல் நுழைகிறார், ஒருவர் கதவைத் திறக்கிறார். இவை அத்தனையிலும் ஓரத்தில் இருப்பவருக்கே ஆபத்து அதிகம்.

பின்னால் வரும் ஓட்டுநரின் பார்வை எங்கே இருக்கிறது என்று யோசியுங்கள். அவர் தம் தடத்துக்கு நேர் முன்னால் பார்க்கிறார். நடுவில் இருக்கும் உருவத்தை அவர் தம் பாதையில் உள்ள ஒன்றாகக் கணக்கில் எடுத்துக்கொண்டு வேகத்தைக் குறைக்கிறார். விளிம்பில் இருக்கும் உருவம் அவருக்குக் கம்பத்தையும் மரத்தையும் போலப் பின்னணியில் சேர்ந்துவிடுகிறது. இருந்தாலும் இந்தப் பதில் நகர வேகத்துக்கு மட்டுமே பொருந்தும். ஊருக்கு வெளியே வேகமான சாலைகளில் உயிரிழப்புகளில் பின்னாலிருந்து இடிபடுவதற்குக் கணிசமான பங்கு உண்டு. அதை 17ஆம் கேள்வியில் தனியாகச் சொல்கிறேன்.

8. வரிசையாகக் கார் நிறுத்தியிருக்கும் தெருவில் எவ்வளவு தள்ளிப் போக வேண்டும்?

கதவு முழுதாகத் திறந்தாலும் உங்களைத் தொடாத தூரத்தில். கதவு திறந்தால் காரின் பக்கத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மீட்டர் நீளும். உங்கள் ஹேண்டில்பாரின் பாதியையும் சேர்த்தால் சக்கரம் காரிலிருந்து ஒன்றரை மீட்டர் தள்ளி ஓட வேண்டும். பெரும்பாலான தெருக்களில் அது தடத்தின் நடுவாகவே அமைந்துவிடும். அமெரிக்காவில் சாலையின் மேல் சைக்கிள் படமும் இரண்டு அம்புமுனைகளும் வரைந்திருப்பார்கள். நிறுத்திய கார்கள் உள்ள தெருவில் அந்தப் படத்தின் மையம் நடைபாதை விளிம்பிலிருந்து குறைந்தது 11 அடி தள்ளி இருக்க வேண்டும் என்று அந்நாட்டுச் சாலைக்குறி விதிகளின் 2009ஆம் ஆண்டுப் பதிப்பு சொல்லியது. கதவு திறக்கும் இடத்தை விட்டு விலகி ஓட்டுங்கள் என்பதைத்தான் அந்தப் படம் சொல்கிறது.

'கதவு திறப்பதைப் பார்த்ததும் பிரேக் போட்டுக்கொள்கிறேன்' என்பவர்கள் உண்டு. 20 கி.மீ. வேகத்தில் நீங்கள் நொடிக்கு ஐந்தரை மீட்டர் போகிறீர்கள். கண் பார்த்து, கை பிரேக்கை இழுப்பதற்குள் ஒரு நொடி கழிந்துவிடும். ஐந்து மீட்டர் முன்னால் திறக்கும் கதவை, பிரேக் பிடிக்கும் முன்பே அடைந்திருப்பீர்கள். எனக்கு அப்படி நடந்திருக்கிறது. முன்னால் நின்ற காரின் பிரேக் விளக்கு அணைந்ததைக் கண்டேன். அதன் பொருளை யோசிக்கவில்லை. கதவின் விளிம்பு என் உடம்பைத் தொடவே இல்லை, ஹேண்டில்பாரின் இடது நுனியை மட்டும் தொட்டது. முன்சக்கரம் இடப்பக்கம் மடங்க, நான் வலப்பக்கம், ஓடும் தடத்துக்குள், போய் விழுந்தேன். அந்த நொடியில் பின்னால் வண்டி எதுவும் வரவில்லை.

அதற்குப் பிறகு கார்களின் பின்கண்ணாடி வழியே ஓட்டுநர் இருக்கையில் தலை தெரிகிறதா என்று பார்ப்பது பழக்கமாகிவிட்டது. அப்போதுதான் வந்து நின்ற கார், அணையும் பிரேக் விளக்கு, உள்ளே எரியும் விளக்கு, வெளிப்பக்கம் மடங்கியிருக்கும் முன்சக்கரம் ஆகியவையும் அடையாளங்கள். காரில் இருப்பவர் கதவுக்கு அருகிலுள்ள கையால் திறக்காமல் மறு கையால் எட்டித் திறந்தால், உடம்பு தானாகத் திரும்பிப் பின்னால் பார்க்கும். நெதர்லாந்தோடு சேர்த்துச் சொல்லப்படும் இந்த முறையைப் பிரிட்டனின் விதித்தொகுப்பும் இப்போது பரிந்துரைக்கிறது. நீங்கள் கார் ஓட்டும்போதும் இதைச் செய்யுங்கள்.

9. நிறுத்திய கார்களுக்கு நடுவில் காலி இடம் இருந்தால் உள்ளே ஒதுங்கிவிட்டு மறுபடி வெளியே வரலாமா?

வேண்டாம். ஒவ்வொரு முறை வெளியே வரும்போதும், உங்களை மறந்துவிட்ட ஓட்டுநரின் முன்னால் புதிதாக முளைக்கிறீர்கள். காலி இடம் பத்துக் கார்கள் நீளத்துக்கு இருந்தால் ஒதுங்கலாம். இரண்டு மூன்று கார்கள் நிற்கும் நீளம்தான் என்றால் நேர்கோட்டிலேயே போய்விடுங்கள்.

10. ஓரத்திலிருந்து நடுவுக்கு எப்படி வருவது? திடீரென்று வந்தால் அதுதானே ஆபத்து?

ஆமாம். நடுவில் ஓட்டுவதைவிட, நடுவுக்கு வருகிற அந்தச் சில நொடிகள்தான் கற்றுக்கொள்ள வேண்டிய வித்தை. முதலில் பின்னால் திரும்பிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் வலக்கையை நீட்டுங்கள். மறுபடி பாருங்கள். பின்னால் வரும் கார் வேகத்தைக் குறைத்திருந்தால் மெல்ல நகருங்கள். குறைக்காவிட்டால் அவரைப் போகவிட்டு அடுத்தவரிடம் கேளுங்கள். கை நீட்டுவது கேட்பதற்குச் சமம், கேட்டவுடன் கிடைத்துவிட்டதாக நினைத்து நகரக் கூடாது. சாலை குறுகும் இடத்துக்கு ஐந்து, ஆறு நொடிகள் முன்பே, அதாவது 30 மீட்டர் முன்பே இதைத் தொடங்கினால் அவசரம் இருக்காது.

திரும்பிப் பார்க்கும்போது சைக்கிளும் கூடவே வலப்பக்கம் இழுத்துக்கொண்டு போகும். புதிதாகப் பழகுகிறவர்கள் எல்லோருக்கும் இது நடக்கிறது. தோளை அசைக்காமல் மோவாயை மட்டும் தோளுக்குக் கொண்டுபோவதும், முழங்கைகளைத் தளர்த்தி வைப்பதும், திரும்பும் நேரத்தில் பெடல் மிதிப்பதை நிறுத்தாமல் இருப்பதும் உதவும். ஆளில்லாத மைதானத்தில் தரையில் உள்ள ஒரு கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டு, பின்னால் நிற்கும் நண்பர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்லிப் பாருங்கள். கோட்டை விட்டு விலகாமல் பத்து முறை சரியாகச் சொல்ல வரும்வரை நெரிசலான சாலையில் தடத்தின் நடுவுக்குப் போக வேண்டாம். ஹேண்டில்பாரில் கண்ணாடி மாட்டிக்கொள்வது நல்லதுதான், ஆனால் தலை திரும்புவதைக் கண்டுதான் பின்னால் வருபவர் 'இவர் நகரப்போகிறார்' என்று புரிந்துகொள்கிறார்.

11. நான் நேராகப் போகிறேன். என்னை முந்திக்கொண்டு வந்த கார் சட்டென்று இடப்பக்கம் திரும்பி என்னை மறித்துவிட்டது. என் தவறா?

தவறு அவருடையது. அடி உங்களுக்கு. சந்திப்புக்கு முன்பே தடத்தின் நடுவுக்கு வந்திருந்தால், உங்களை முந்திவிட்டு உடனே திரும்ப அவருக்கு இடம் இருந்திருக்காது. உங்கள் பின்னாலேயே வந்து, நீங்கள் போன பிறகு திரும்பியிருப்பார். கிளைத் தெரு ஒவ்வொன்றையும் ஒரு சந்திப்பாகக் கொள்ளுங்கள், பெட்ரோல் நிலைய வாசலையும் கூட. அங்கிருந்து வெளியே வருபவருக்கும் நடுவில் இருப்பவர்தான் முன்கூட்டியே தெரிவார்.

காரின் இண்டிகேட்டரை நம்பாதீர்கள், அதன் முன்சக்கரத்தைப் பாருங்கள். இண்டிகேட்டர் மறதியில் எரியும், மறதியில் எரியாமலும் இருக்கும். சக்கரம் மடங்கினால் கார் திரும்பத்தான் செய்யும்.

12. சிக்னலில் கார்கள் நிற்கும்போது ஓரமாகப் புகுந்து முன்னால் போய்விடலாமா?

எல்லாம் உறுதியாக நின்றுகொண்டிருக்கிறது, முன்னால் சைக்கிளுக்கென்று காத்திருப்பு இடம் வரைந்திருக்கிறது, சிக்னல் இப்போதைக்கு மாறாது என்றால் மெதுவாகப் போகலாம். சிவப்பு எப்போது பச்சையாகும் என்று தெரியாவிட்டால் போகாதீர்கள். பாதி வழியில் வரிசை நகரத் தொடங்கினால் 11ஆம் கேள்வியின் நிலைமைதான். காத்திருப்பதென்றால் வரிசையில் ஒரு காரைப் போல, முன்னால் உள்ள வண்டிக்குப் பின்னால், தடத்தின் நடுவில் நில்லுங்கள். ஓரத்தில் நின்றால் பச்சை விழுந்ததும் பின்னால் உள்ளவர் உங்களை நசுக்கிக்கொண்டு கிளம்புவார்.

13. லாரி, பஸ் பக்கத்திலும் அதே முறைதானா?

இல்லை. சந்திப்பில் நிற்கும் லாரியின் இடப்பக்கம் புகவே கூடாது. காத்திருப்பு இடம் வரைந்திருந்தாலும், எவ்வளவு அகலம் இருப்பதாகத் தோன்றினாலும், பின்னால் நின்றுவிடுங்கள். நீளமான வண்டி இடப்பக்கம் திரும்பும்போது அதன் பின்சக்கரங்கள் முன்சக்கரங்கள் போன வழியில் போவதில்லை. மூலையை உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். ஓட்டுநர் திரும்ப வசதியாக முதலில் வலப்பக்கம் விலகுவார், இடப்பக்கம் பெரிய இடைவெளி திறக்கும். அந்த இடைவெளியைக் கண்டு உள்ளே போனவர், அது மெல்ல மூடிக்கொண்டு வருவதை நடைபாதைத் தடுப்பில் முட்டி நிற்கும்போதுதான் உணர்வார்.

லாரியின் கண்ணாடியில் ஓட்டுநரின் முகம் உங்களுக்குத் தெரியவில்லையென்றால் உங்களையும் அவருக்குத் தெரியவில்லை. முகம் தெரிந்தால் மட்டும் அவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்றும் பொருளில்லை. லாரிக்கு நேர் முன்னால் ஒட்டி நிற்பதும் அதே அளவு கெட்டது, உயரமான இருக்கையிலிருந்து பார்ப்பவருக்கு மூக்குக்குக் கீழே இருப்பது தெரியாது.

14. வலப்பக்கம் திரும்ப நடுச்சாலைக்குப் போகப் பயமாக இருக்கிறது. வேறு வழி உண்டா?

உண்டு. இடப்பக்கத்திலேயே நேராகச் சந்திப்பைக் கடந்து, மறுமூலையில் நின்று, சைக்கிளைத் திருப்பி வைத்துக்கொண்டு, குறுக்குச் சாலைக்குப் பச்சை விழும்போது அவர்களோடு சேர்ந்து போய்விடலாம். டென்மார்க்கில் சைக்கிளோட்டிகள் இப்படி இரண்டு கட்டமாகத்தான் திரும்ப வேண்டும். அங்கே அதை யாரும் பயந்தவர்களின் வழியாக நினைப்பதில்லை. போக்குவரத்து மெதுவாக இருந்தால், 10ஆம் கேள்வியில் சொன்னபடி தடம் தடமாக நகர்ந்து, வலப்பக்கம் திரும்பும் தடத்தின் நடுவில் நின்று காரைப் போலவே திரும்பலாம். இரண்டு தடங்களை ஒரே மூச்சில் கடக்க வேண்டாம்.

15. ரவுண்டானாவில்?

ஒற்றைத் தட ரவுண்டானா என்றால் நுழைவதற்கு முன்பே தடத்தின் நடுவுக்கு வந்து, நடுவிலேயே சுற்றி, நடுவிலேயே வெளியேறுங்கள். வெளி ஓரமாகச் சுற்றினால் ஒவ்வொரு வெளிவழியிலும் ஒருவர் உங்கள் குறுக்கே போவார். பல தடங்கள் உள்ள பெரிய, வேகமான ரவுண்டானாவில் நான் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிறேன். இருபது ஆண்டுகளாக ஓட்டுகிறேன், இன்னும் அப்படித்தான்.

16. பின்னால் ஹாரன் அடித்துக்கொண்டே வருகிறார்கள். வீம்புக்கு நடுவிலேயே போகச் சொல்கிறீர்களா?

வீம்புக்கு ஒரு மீட்டர் கூடப் போக வேண்டாம். குறுகலான பாலத்தில் நடுவில் இருக்கிறீர்கள். பாலம் முடிந்து அகலம் வந்ததும் பின்னால் பார்த்துவிட்டு ஒதுங்கி, கையால் 'போங்கள்' என்று காட்டுங்கள். தடத்தை எடுத்துக்கொள்வதைப் போலத் திருப்பிக் கொடுப்பதும் இந்தப் பழக்கத்தின் பாதி. நீண்ட குறுகலான சாலையில் பின்னால் வரிசை சேர்ந்துவிட்டால், பாதுகாப்பான இடம் பார்த்து நின்று வழிவிடுங்கள். ஆனால் ஹாரன் கேட்டதும் பதறி, இடமில்லாத இடத்தில் ஓரத்துக்கு ஒடுங்காதீர்கள். ஹாரன் அடிப்பவர் உங்களைப் பார்த்துவிட்டார், அந்த அளவுக்கு அது நல்ல செய்திதான்.

17. நெடுஞ்சாலையிலும் தடத்தின் நடுவில் ஓட்டலாமா?

கூடாது. தடத்தின் நடுவில் ஓட்டும் முறை, பின்னால் வருபவர் உங்களைப் பார்த்து, புரிந்துகொண்டு, வேகத்தைக் குறைக்க நேரம் இருக்கிறது என்ற அடிப்படையில் நிற்கிறது. பிரிட்டனின் விதித்தொகுப்புக் கணக்கில் மணிக்கு 30 மைல், அதாவது 48 கி.மீ. வேகத்தில் வரும் கார் நிற்க 23 மீட்டர் வேண்டும்; 60 மைல் வேகத்தில், அதாவது 96 கி.மீ.யில், 73 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் தூரம் மூன்று மடங்குக்கு மேல் போகிறது. 90 கி.மீ. வேகத்தில் வரும் கார் 20 கி.மீ. வேகத்தில் போகும் உங்களை நொடிக்கு 19 மீட்டர் வீதம் நெருங்குகிறது. வளைவின் மறைவிலிருந்து 60 மீட்டர் தூரத்தில் அது வெளிப்பட்டால், உங்களுக்கும் அவருக்கும் சேர்த்து மூன்று நொடிதான்.

அங்கே தார் போட்ட அகலமான ஓரப்பகுதி இருந்தால் அதில் ஓட்டுங்கள். அது இல்லாத வேகமான சாலையில் சரியான இடம் என்று ஒன்று கிடையாது. சுற்று வழியானாலும் வேறு சாலையைத் தேர்ந்தெடுங்கள்.

18. சாலையின் உள்பக்கம் போகப் போகக் கார்கள் இன்னும் நெருக்கமாகத்தான் கடக்கின்றன என்று ஒரு ஆய்வு இருக்கிறதே?

இருக்கிறது. பிரிட்டனின் பாத் பல்கலைக்கழக உளவியலாளர் இயன் வாக்கர் 2006இல், அளவுக்கருவி பொருத்திய சைக்கிளைத் தாமே ஓட்டி, 2,300க்கும் மேற்பட்ட வண்டிகள் தம்மைக் கடந்த இடைவெளியை அளந்தார். விளிம்பிலிருந்து விலக விலக இடைவெளி குறைந்தது. தலைக்கவசம் அணிந்தபோது இன்னும் சற்றுக் குறைந்தது என்ற முடிவுதான் அதிகம் பேசப்பட்டது. அதைப் பின்னர் வேறு ஆய்வாளர்கள் கேள்விக்குட்படுத்தினார்கள்.

இதை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன்: ஓட்டுநர்கள் சைக்கிள் எங்கே இருந்தாலும் ஏறத்தாழ ஒரே கோட்டில்தான் கடந்து போகிறார்கள். அப்படியானால் அரைகுறையாக விலகுவதுதான் மிக மோசமான இடம். ஒதுங்கியும் இல்லை, தடத்தை எடுத்துக்கொள்ளவும் இல்லை. 'உரசிக்கொண்டு போய்விடலாம்' என்று நினைக்கவைக்கும் இடம் அது. பழகத் தொடங்கியவர்கள் தயக்கத்தில் சரியாக அங்கேதான் ஓட்டுகிறார்கள். கடக்க இடமில்லாத தடத்தில் நடு என்றால் நடுவேதான். ஒதுங்கி ஓட்டும்போதும் இடப்பக்கம் விட்டுவைக்கும் அரை மீட்டருக்கு வேலை உண்டு: ஒருவர் நெருங்கிவிட்டால் நீங்கள் விலக எஞ்சியிருக்கும் இடம் அது ஒன்றுதான்.

19. சைக்கிளுக்கென்று கோடு போட்டுத் தடம் இருந்தால் அதற்குள்ளேதான் ஓட்ட வேண்டுமா?

நாட்டுக்கு நாடு விதி மாறுகிறது. ஜெர்மனியில் நீல வட்டப் பலகை வைத்திருந்தால் சைக்கிள் பாதையைப் பயன்படுத்தியாக வேண்டும். பிரிட்டனில் அப்படிக் கட்டாயமில்லை. தடுப்பு வைத்துப் பிரித்த பாதை நன்றாக இருந்தால் தயங்காமல் பயன்படுத்துங்கள். வெறும் வண்ணக்கோடு போட்ட தடம் வேறு கதை. நிறுத்திய கார்களை ஒட்டி ஒரு மீட்டர் அகலத்தில் கோடு போட்டிருந்தால், 8ஆம் கேள்வியில் சொன்ன கதவு திறக்கும் இடம் முழுவதையும் சைக்கிள் தடம் என்று வரைந்திருக்கிறார்கள் என்றே பொருள். சட்டம் இடம் கொடுத்தால் அதற்கு வெளியே ஓட்டுங்கள். இல்லையென்றால் அதன் வலக்கோட்டின் மேல், வேகத்தைக் குறைத்துக்கொண்டு.

20. மழையிலும் இரவிலும் இடம் மாறுமா?

இடம் மாறாது, இடைவெளிகள் கூடும். ஈரத்தில் வண்ணக்கோடுகளும் இரும்பு மூடிகளும் வழுக்கும். அவற்றின் மேல் திரும்பவோ பிரேக் போடவோ கூடாது. ஓரத்தில் தேங்கிய நீருக்கு அடியில் பள்ளம் இருந்தால் தெரியாது, ஆகவே மழைநாளில் ஓரத்தை இன்னும் தள்ளி வையுங்கள். டிராம் தண்டவாளத்தைக் கூடியவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும். இரவில் முன்னும் பின்னும் விளக்கு இல்லாமல் தடத்தின் நடுவில் ஓட்டாதீர்கள். விளக்கே இல்லையென்றால் இறங்கி நடையுங்கள்.

21. இறக்கத்தில் வேகமாகப் போகும்போது ஓரமாகப் போவதுதானே நல்லது?

நேர்மாறு. இறக்கத்தில் உங்கள் வேகம் கார்களின் வேகத்தை நெருங்குகிறது. யாரும் உங்களைக் கடக்க வேண்டிய தேவையே குறைவு. வேகம் கூடக் கூட ஒரு கல், ஒரு பள்ளம், ஒரு நாய் ஆகியவற்றிலிருந்து விலக இரு பக்கமும் இடம் வேண்டும். ஆகவே நடு. ஏற்றத்தில் மெதுவாகவும் தள்ளாடியும் போவீர்கள், பின்னால் வருபவருக்கும் பொறுமை குறையும். அகலம் இருந்தால் ஒதுங்குங்கள்.

22. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போகும்போது நான் முன்னாலா, பின்னாலா?

பின்னால். பிள்ளை ஒதுங்கிய இடத்திலும் நீங்கள் அதன் பின்னால் சற்று வலப்புறம் தள்ளியும் ஓட்டினால், கடக்கும் கார் உங்களைச் சுற்றிப் போகும் கோட்டிலேயே பிள்ளையையும் சுற்றிப் போய்விடும். முன்னால் போனால் பிள்ளை என்ன செய்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. பெரியவர்கள் இரண்டு பேர் இருந்தால் ஒருவர் முன்னால், ஒருவர் பின்னால்.

கிளைத் தெருவைக் கடக்கும்போது மட்டும் வண்டிகள் வரக்கூடிய பக்கமாகப் பிள்ளையை ஒட்டி வந்து, இருவரும் ஒன்றாகக் கடந்த பிறகு மறுபடி பின்னால் போய்விடுங்கள். சொல்ல வேண்டியதைச் சந்திப்புக்கு முன்பே சொல்லி முடித்துவிட வேண்டும். நடுவில் கூப்பிட்டால் பிள்ளை திரும்பிப் பார்க்கும், சைக்கிளும் கூடவே திரும்பும்.